அத்தான் தூண் வைத்த பாலம்

என் அக்காவின் கணவர் முப்பத்தொரு வருடமாகப் பாலங்களைத் தட்டிப் பார்க்கும் வேலையில் இருக்கிறார். தட்டுவது என்றால் நிஜமாகவே தட்டுவது. கைக்கு அடக்கமான ஒரு சுத்தியல், ஒரு டார்ச், ஒரு நோட்டு. தூணில் தட்டும்போது ஓசை கணீரென்று வந்தால் உள்ளே கெட்டி. மொத்தென்று வந்தால் உள்ளே எங்கோ விட்டுப்போயிருக்கிறது. அலுவலகத்தில் அவருக்குச் சுத்தியல் என்றே பெயர். முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே மாடிப்படிக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்து, "இது தாங்காது" என்றார். அப்பா அந்த வாரமே ஆள் வைத்துச் சரிசெய்தார். மாப்பிள்ளையைப் பற்றி அதற்குமேல் விசாரிக்கவில்லை.

கதை என்றால் அத்தானுக்கு ஆகாது. படத்துக்குக் கூட்டிப்போனால் பாதியில், "மூணு நாளா துரத்துறானே, இவன் எப்பதான் தூங்குவான்?" என்பார். அக்கா நேர் எதிர். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று, சீட்டில் எழுதியிருப்பதை மட்டும் எடுத்துக் கொடுப்பவள். வீட்டுக்கு வந்தால் பேசும் மரமும் பறக்கும் மிருகமும் வேண்டும். "உங்க அக்காவுக்கு மூளை நல்லாதானே வேலை செய்யுது? அப்புறம் ஏன் மச்சான் இதைப் படிக்கிறா?" என்று அத்தான் என்னிடம் எத்தனையோ முறை போனில் கேட்டிருக்கிறார். கிண்டல் இல்லை, அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

இந்த வருடம் அக்காவின் வலது கண்ணில் விழித்திரை கிழிந்தது. ஆபரேஷன் செய்து, அது ஒட்டிக்கொள்வதற்காகக் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விட்டிருந்தார்கள். குமிழி மேல்நோக்கி ஏறிக் கண்ணின் பின்பக்கத்தை அழுத்த வேண்டுமென்றால் முகம் தரையைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். பத்து நாள். தலையைத் தூக்கினால் ஒட்டியது பிரியலாம், பிரிந்தால் அந்தக் கண் திரும்பாமலே போகலாம் என்று டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார்.

நான் லீவு போட்டு விமானம் ஏறி வந்தேன். வழியெல்லாம் அந்தக் குமிழியைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன். உபயோகமாக இருக்கலாம் என்று வந்தவனுக்கு, இறங்கும்போதே தொண்டை கட்டிவிட்டது. கிசுகிசுக்கத்தான் முடிந்தது.

அக்கா பத்து வருடமாகக் காத்திருந்த கதைத் தொடரின் கடைசிப் புத்தகம் சரியாக அந்த வாரம்தான் வந்திருந்தது. நடுவில் ஓட்டை போட்ட தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "யாராவது அதைப் படிச்சுக் காட்டுங்க. பத்து என்ன, இருபது நாள்கூடக் குப்புறக் கிடக்கிறேன்" என்றாள். எனக்குக் குரல் இல்லை. மிச்சமிருந்தது அத்தான்.

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு ஆரம்பித்தார். ஆய்வு அறிக்கை வாசிக்கிற குரல். முதல் நாள் அக்கா அசையவில்லை. இரண்டாம் நாள் இடையிடையே பெருமூச்சு. மூன்றாம் நாள் சாயந்திரம் முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்தேவிட்டாள்.

"ஏய், தலை! தலை!" என்று அத்தான் பதறினார்.

"என்னால முடியலைங்க. கழுத்து வலிக்குது, கதையும் நல்லால்ல. இந்த ஆளுக்கு என்ன ஆச்சு? குதிரை தண்ணி குடிக்க நாலு தடவை நிக்குது. ராட்சசன் முட்டி வலின்னு உக்காந்துடறான். முன்னாடியெல்லாம் இப்படியா எழுதினாரு?"

"அவ்வளவு எடைக்கு முட்டி வலிக்காதா?" என்றார் அத்தான், கொஞ்சம் ரோஷமாக.

"வலிக்கட்டும், எனக்கு எதுக்கு அது? அதான் என் கழுத்து வலிக்குதே!"

அவளைச் சமாதானப்படுத்திப் படுக்க வைத்தோம். அத்தான் சமையலறைக்கு வந்து என் காதருகே, "எல்லாமே சரியாதானே இருக்கு, ஏன் பிடிக்கலை?" என்றார். அந்த 'சரியா' எனக்கு நெருடியது. அவர் குளிக்கப் போனதும் புத்தகத்தைப் புரட்டினேன்.

ஓரமெல்லாம் பென்சில். அச்சில் குதிரை மூன்று பகலும் மூன்று இரவும் நிற்காமல் ஓடியது. ராட்சசனுக்கு முட்டி வலியே இல்லை. இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு பாலம் புதிதாக வந்தது. மலைக்கும் மலைக்கும் நடுவே, தூண் இல்லாமல். "அக்கரையில் ஒருவர் காத்திருக்கும்வரை அது நிற்கும்" என்று அச்சில் இருந்தது. அத்தான் அந்த வரியை அடித்திருந்தார். பக்கத்தில், 'தூண் 4. பாறையில் ஊன்றியது. கைப்பிடிச் சுவர் மூன்றரை அடி.' அதைத்தான் அக்காவுக்கு வாசித்திருக்கிறார்.

அக்காவிடம் சொல்வதா? சொன்னால் கோபத்தில் எழுந்துவிடுவாள். அத்தானிடம் சொல்வதா? அவர் ஏமாற்றவில்லையே, ஆபத்தானதைக் கண்டால் சரிசெய்வது அவர் கை செய்கிற வேலை. இவர் செய்தது தப்பா, இல்லை இத்தனை வருடமாக அக்கா படித்ததுதான் தப்பா? அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தேனே தவிர, வாயைத் திறக்கவில்லை.

நான்காம் நாள் மதியம் அக்கா, "நிறுத்திடுங்க, நான் கொஞ்சம் நடக்கப்போறேன்" என்றாள். அத்தான், "இன்னும் ஒரே அத்தியாயம்" என்று கெஞ்சி, கடகடவென்று வாசித்தார். கடிதம் கொண்டுபோகும் பெண், அக்கரைக்குப் போன அண்ணன் செத்துவிட்டான் என்று ஊரே சொன்னபிறகும், அந்தப் பாலத்தருகே வருகிறாள். "கண்ணை மூடிக் காலை வைத்தாள். பாலம் நின்றது. அங்கேயே மண்டியிட்டு அழுதாள். அண்ணன் உயிரோடிருக்கிறான், உயிரோடிருக்கிறான் என்று கத்தினாள்."

வாசித்து முடித்துவிட்டு அத்தானே நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

தலையணைக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "பாலம் நின்னா அண்ணன் எப்படி உயிரோட இருப்பான்?"

அத்தான் பக்கத்தைப் பின்னால் திருப்பிப் பார்த்தார்.

"நாலு தூண் இருக்கு, நிக்குது. அதுக்கும் அண்ணனுக்கும் என்னங்க சம்பந்தம்? ஒரு லாஜிக் வேணாமா?" அவள் கைகளை ஊன்றினாள். "பத்து வருஷம் காத்திருந்தேன், இந்தக் குப்பைக்கு. நான் எழுந்திருக்கிறேன்."

"எழுந்திருக்காதே!" அத்தான் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, அவள் முகத்துக்கு நேர் கீழே தன் முகத்தைக் கொண்டுபோனார். "புத்தகத்துல தப்பு இல்ல. தூணை நான்தான் வெச்சேன்."

"எதை வெச்சீங்க?"

"தூணை. அதுல தூணே இல்ல. யாராவது அந்தப் பக்கம் காத்துக்கிட்டு இருந்தா நிக்குமாம், இல்லாட்டி விழுந்துடுமாம். ஆள் நடக்கிற பாலம், அப்படியே விட மனசு வரலை."

அக்காவின் முதுகு குலுங்கியது. அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தேன், கண்ணீர் அந்தக் கண்ணுக்கு ஆகுமா என்று தெரியவில்லை. சிரிப்பு.

"குதிரைக்குத் தண்ணி?"

"நான்தான்."

"முட்டி வலி?"

"அதுவும்."

"அடப்பாவி மனுஷா! அந்த எழுத்தாளரை நேத்துலேர்ந்து திட்டிக்கிட்டு இருக்கேனே." கொஞ்சம் அடங்கி, "அப்ப அவ காலை வெச்சதும் பாலம் நின்னுதுன்னா..." என்று நிறுத்தினாள். "அவன் அந்தப் பக்கம் காத்துக்கிட்டு இருக்கான்."

"அதான் சொல்றேன். கணக்கு சரியா வருது." அத்தான் தரையிலிருந்தே என்னைப் பார்த்தார். "எப்படி மச்சான் வருது? அடித்தளமே பொய். மேல கட்டினது மட்டும் ஒரு விரிசல் இல்லாம இருக்கு. நான் கை வெச்ச இடத்துலதான் மொத்துனு கேக்குது."

கீழே கிடந்த புத்தகத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"முதல்லேர்ந்து படிங்க," என்றாள் அக்கா. "முதல் பக்கத்துலேர்ந்து. டேய், நீ பக்கத்துல உக்காந்து பாரு, ஒரு எழுத்து மாறினாலும் தட்டு. சுத்தியல் இருக்கில்ல?"

பென்சிலை என்னிடம் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தார். சுத்தியலை நான் மடியில் வைத்துக்கொண்டேன். அக்கா முகத்தைத் தலையணை ஓட்டைக்குள் சரியாகப் பொருத்திக்கொண்டாள். இன்னும் ஆறு நாள் இருந்தது, கண்ணைப் பற்றி எங்கள் மூவருக்கும் எதுவும் தெரியாது.

குதிரை நிற்காமல் ஓடியது. நான் தட்டவேண்டி வரவில்லை. சாயந்திரம் ஆகும்போது இரண்டாம் அத்தியாயம் வந்தது. பாலத்துக்குத் தூண் கிடையாது என்று வாசித்தவர், முதல் ஆள் அதில் காலெடுத்து வைக்கும் இடத்தில் நின்றுவிட்டார்.

"மேல படிங்க," என்றாள் அக்கா.

"படிக்கிறேன், இரு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொஞ்சம் பயமா இருக்கு."