ஆம்பளை இல்லாத வீட்டில் விதை

"யில்டாவ், எங்க வீட்ல ஆம்பள யாராச்சும் நடமாடுற சத்தம் உனக்குக் கேக்குதா?"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வித்ஸ்கே இப்படிக் கேட்டபோது நான் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். அக்டோபர் மாதக் கடல்காற்று போர்வையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. கேலி என்றுதான் நினைத்தேன். அடுத்த வீட்டுக்காரர், தீவுக்குப் போய் வரும் படகில் காபிக் கடை பார்ப்பவர், கேலி இல்லாமல் ஒரு கோப்பை காபிகூட யாருக்கும் ஊற்றியதில்லை.

"இல்லையே. கேட்டா சந்தோஷப்படுவேன்" என்றேன்.

"நீயா? உனக்கு எது வந்தாலும் காது மட்டும்தான் செவக்கும். வாய் தொறக்காது."

"யாராவது வந்தாங்களா?"

"வந்தது தெரியல. வந்துட்டுப் போனது தெரியுது. கைய நீட்டு."

வேலிக்கு மேலாக நீட்டினேன். உள்ளங்கையில் ஒரு விதையை வைத்தார். கொத்தமல்லி அளவு இருக்கும். சாம்பல் நிறம், மேலே கறுப்புக் கோடுகள். கஞ்சாச் செடியின் விதை.

"டுர்க் வெச்சிருந்ததா?"

"அவன் எங்க வெச்சான்? மகராசன், வர்றவன் போறவனுக்கெல்லாம் குடுத்தே தீத்துட்டான். இது இன்னிக்குக் காலைல பூவக் காயப் போடுறப்போ விழுந்துச்சு. தட்டுல டக்குனு ஒரு சத்தம். பல்லு விழுந்த மாதிரி."

"அப்படின்னா மேல ஒரு ஆண் செடி..."

"எங்கேருந்து? மேல இருக்கிற அஞ்சும் ஒரே தாயோட கெளைய வெட்டி நட்டது. அஞ்சும் பொம்பள. நான் பொம்பள. பூனையும் பொம்பள."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. விதையைத் திரும்ப வாங்கி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, பையின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"போன வருஷம் பூத்தூள் தூவினேன், வரல. இந்த வருஷம் தூவவே இல்ல, வந்திருக்கு. யாரு தூவினது?"

பதிலுக்காக நிற்காமல் உள்ளே போய்விட்டார்.

டுர்க் அவருடைய கணவர். கப்பல் பட்டறையில் வண்ணம் அடிப்பவர். விரல் இடுக்குகளில் எப்போதும் துருச் சிவப்பு ஒட்டியிருக்கும். அவர்கள் வீட்டு மச்சில் கறுப்புத் துணிக் கூடாரம் ஒன்றும் அதற்குள் விளக்கும் ஐந்து செடிகளும் இருந்தன. எங்கள் டச்சுக் கடற்கரை ஊரில் இது அதிசயமில்லை. ஐந்துக்கு மேல் போகாதவரை போலீஸ் கதவைத் தட்டுவதில்லை. மற்றவர்களுக்கு வேண்டியது பூ. ஆண் செடி தலைகாட்டினால் அன்றைக்கே பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். ஒன்று தப்பினாலும் அத்தனை பூவும் விதையாகிவிடும். டுர்க்குக்கு வேண்டியது விதை. ஊரில் அவர் ஒருவர்தான் ஆண் செடியைக் குளியலறை ஜன்னலோரம் வைத்து, கதவை மூடி, விருந்தாளி மாதிரி கவனித்தவர்.

அது பூத்ததும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் தட்டி மகரந்தத்தை எடுப்பார். மச்சில் விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வித்ஸ்கே கன்னத்துக்கு ரூஜ் பூசி ஒதுக்கிய பழைய தூரிகையால் ஒரே ஒரு கீழ்க்கிளையில் மட்டும் தடவுவார். அந்தக் கிளைக்கு அடையாளமாகச் சிவப்புக் கம்பளி நூல். பிறகு மேல்கோட்டை அங்கேயே ஆணியில் மாட்டிவிட்டு நேராகக் குளிக்கப் போக வேண்டும். இல்லாவிட்டால் தூள் அவருடன் வீடு முழுக்க நடக்கும். அவர் படியிறங்கும் சத்தம் கேட்டதும் கீழிருந்து வித்ஸ்கே கத்துவார்:

"குளிக்காம என் பக்கம் வந்தே, எனக்கும் விதை புடிச்சிரும்!"

தெருவே சிரிக்கும். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. சிரித்தவர்கள் அதை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நுரையீரல் நோயில் டுர்க் இறந்தபோது கடைசி ஆண் செடியின் மகரந்தம் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில், ஈரம் உறிஞ்ச நாலு அரிசியோடு, உறைபெட்டியில் பட்டாணிப் பொட்டலத்துக்குப் பின்னால் இருந்தது. அதை வெளியே எடுத்தால் உடனே திறக்கக் கூடாது. குளிர் விடும்வரை மூடியபடியே மேசையில் இருக்க வேண்டும். அதற்காகவே டுர்க் ஒரு காபி போட்டுக் குடிப்பார். வித்ஸ்கேக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் அந்த முதல் கோடையில் குப்பியைக் கையில் எடுத்தவர் எடுத்த இடத்திலேயே திறந்துவிட்டார். பார்க்கத்தான். சமையலறையின் ஆவி பனியாக உள்ளே இறங்கியது. தூள் ஈர மாவு போலக் கட்டியானது. கட்டியாவதைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். பிறகும் தூரிகையால் தடவினார், நூலும் கட்டினார். விதை வரவில்லை.

"கடைசியா மிச்சமிருந்தவன நானே நனைச்சுட்டேன்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அதற்கு அடுத்த வருஷ அக்டோபரில்தான், யாரும் தூவாத பூவிலிருந்து இந்த விதை விழுந்தது.

கோசேயைக் கூப்பிட்டோம். மண்ணும் உரமும் விளக்கும் விற்கும் கடை வைத்திருப்பவர், டுர்க்கோடு ஒரே வகுப்பில் படித்தவர். பெரிய உடம்பு. மச்சுக்கான மடக்கு ஏணி அவருக்குக் கீழே முனகியது.

"இதோட நான் விழுந்தேன்னா, டுர்க்குக்கு மேல துணை கெடைச்சிரும்" என்றார்.

"நீ போனா அவன் வேற இடம் பாத்துட்டுப் போயிருவான். பேசாம ஏறு" என்றார் வித்ஸ்கே.

அப்போது மதியம். ஆனால் கூடாரத்துக்குள் விளக்கு அணைந்திருந்தது. இரவில் மின்சாரம் மலிவு என்பதால் டுர்க் விளக்கை இரவுக்கு வைத்திருந்தார். அந்த ஏற்பாடு அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. நமக்குப் பகல் என்றால் அந்தச் செடிகளுக்கு நடுராத்திரி.

வித்ஸ்கே ஆணியில் தொங்கிய மேல்கோட்டைக் காட்டினார். "இதுலதான் இருந்திருக்கும். காத்துல பறந்து..."

கோசே கோட்டின் கையை முகர்ந்து பார்த்துத் தும்மினார். "ரெண்டு குளிர்காலம் ஆச்சு. இந்தக் கடல் ஈரத்துல பூத்தூள் எத்தன நாளு தாங்கும்? செத்துப் போயிருக்கும்." அந்தச் சொல் வாயிலிருந்து வந்ததும் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார். பிறகு கூடாரத்துக்கு எதிரே கிடந்த சமையலறை நாற்காலியைப் பார்த்தார். அதன் காலருகே தரையில் காபிக் கோப்பையின் வட்டங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. கூடாரத்தின் ஜிப் ஒரு சாண் திறந்திருந்தது. கூரை ஜன்னலின் வெளிச்சம் அந்தப் பிளவு வழியாக நேரே செடிகளின் மேல் விழுந்தது.

"இங்க யாரு உக்காருறா?"

"நான்தான். படகு இல்லாத மதியத்துல."

"இதத் தொறந்து வெச்சுட்டா?"

"மூடி வெச்சா யாரப் பாத்துப் பேசுறது?"

கோசே கொஞ்ச நேரம் தாடியைத் தேய்த்தார். "வித்ஸ்கே, நீ நல்லாத் தூங்கிட்டிருக்கிறப்போ, தெனம் ஒருத்தி விளக்கோட வந்து எதிர்ல உக்காந்து பேசினா உனக்கு எப்படி இருக்கும்?"

"யாருன்னு பாத்துத்தான் சொல்லணும்."

"வெளையாடாத. செடி மெரண்டு போகும். மெரண்ட பொம்பளச் செடி தானே நாலு ஆம்பளப் பூ விட்டுக்கும். தன்னத் தானே தூவிக்கும். இது டுர்க் இல்ல. நீ இங்க வந்து உக்காந்ததுதான்."

துறைமுகத்தில் ஒரு படகு ஊதியது.

"நிச்சயமா?" என்று கேட்டார் வித்ஸ்கே.

"வெதச்சுப் பாரேன். தானே தூவிக்கிட்டதுன்னா அத்தனையும் பொம்பளையாத்தான் வரும். தாய் கிட்ட இல்லாதது பிள்ளைக்கு எங்கேருந்து வரும்? ஒண்ணே ஒண்ணு ஆம்பளையா வந்துச்சுன்னா, நான் சொன்னது தப்பு. கடையப் பூட்டிட்டு உன் படகுல கோப்பை கழுவ வரேன்."

பேச்சை முடிக்கத்தான் கோசே அப்படிச் சொன்னார். ஆனால் ஏணியிலிருந்து இறங்கும்போது, "ஒண்ணே ஒண்ணு வந்தா போதும்" என்று வித்ஸ்கே தனக்குள் சொன்னது எனக்குக் கேட்டது.

எங்கள் ஃப்ரீஸ் மொழியில் பெரியவர்களை நேருக்கு நேர் 'நீங்கள்' என்று சொல்வதில்லை. "வித்ஸ்கேக்குக் காபி போடவா?" என்றுதான் அவரிடமே கேட்பேன், அங்கே இல்லாத ஒருவரைப் பற்றி விசாரிப்பது போல. பள்ளியில் டச்சு படித்த பிறகுதான் இது எனக்கு வினோதமாகப் பட்டது. எதிரே இருந்தவரை நான் இல்லாதவர் போலக் கூப்பிட்டேன். அவரோ இல்லாதவரை, "ஏய், கேளுடா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த இலையுதிர்காலம் முழுக்க, எங்கள் இரு வீட்டுக்கும் பொதுவான சுவர் வழியாக மதியங்களில் நாற்காலி இழுபடும் சத்தமும் அந்தக் குரலும் கேட்டன. ஆம்பளைச் சத்தம் கேட்கிறதா என்றுதான் அவர் கேட்டிருந்தார். அது கேட்கவில்லை.

பழைய செடிகளை எடுத்துவிட்டு, அவற்றின் பூக்களை உதிர்த்துத் தேடியெடுத்த ஐந்து விதைகளை ஊன்றினார். ஐந்தும் முளைத்தன. கூடாரத்தின் ஜிப்பை இழுத்து மூடி, மேலே நாடாவும் ஒட்டினார். மதியங்களில் மச்சுக்குப் போவதை நிறுத்தினார். என் சமையலறைக்கு வந்து, சர்க்கரைக் கட்டி வைத்துச் சுட்ட எங்கள் ஊர் ரொட்டியை வெண்ணெய் தடவித் தின்றுகொண்டு கூரையையே பார்த்தார்.

"ஊர்ல அவனவன் ஆம்பளச் செடியப் பாத்தாப் புடுங்குறான். நீ ஒருத்திதான் ஒண்ணு வராதான்னு தவம் கெடக்குற" என்று கோசே கிண்டல் செய்தார்.

"உன்னப் பாத்து வளந்தவனுங்க புடுங்கத்தானே செய்வானுங்க" என்றார் வித்ஸ்கே.

தண்டிலிருந்து கிளை பிரியும் கணுவில் அடையாளம் தெரியும். பெண் என்றால் இரண்டு வெள்ளை முடிகள் எட்டிப் பார்க்கும். ஆண் என்றால் காம்பில் தொங்கும் சின்ன உருண்டை. கிறிஸ்துமஸ் கழிந்ததும் முதல் செடியில் முடி வந்தது. வித்ஸ்கே வேலியருகே வந்து, "பொம்பள" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் இரண்டு. அதற்கப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் அந்த ஒரு சொல்தான். குழந்தை பிறந்த வீட்டில் செய்தி சொல்வது போல முதலில். கடைசியில் இறந்த வீட்டில் சொல்வது போல.

ஐந்தாவது செடி குட்டையாக நின்றது. கணுவில் ஒன்றும் தெரியவில்லை.

அந்த நாட்களில் ஒரு மதியம் நான் மாடியில் படித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அப்பால், மேலே, நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மீண்டும் போக ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். கடலைத் தடுக்கும் கரைமேட்டுக்கு மேலே படகின் புகைபோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அன்று அவருக்கு வேலை நாள். பழைய வீடு, குளிரில் உத்தரம் சுருங்கும். நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கீழே போய்விட்டேன். இதை வித்ஸ்கேயிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் அந்த நாடாவைக் கிழித்திருப்பார்.

ஐந்தாவது செடி இப்போது என்னிடம் இருக்கிறது. பிப்ரவரியில் வந்தது. என் மாடி அலமாரியில், என் விளக்கின் கீழ், யாரும் எழுப்பாத இரவுகளோடு வளர்ந்தது. சில வாரங்களில் கணுவில் இரண்டு வெள்ளை முடிகள் வந்தன. மறுநாளும் பார்த்தேன், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்தும் பார்த்தேன். பெண்தான். கோசே சொன்னது சரி.

இப்போது ஜூன். செடி என் இடுப்பளவு உயர்ந்து, பூத்து, மாடியெல்லாம் வாசனை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுக்குப் போகாமல் இருக்காது. இருந்தாலும் படகிலிருந்து திரும்பும் நாட்களில் வித்ஸ்கே வேலியருகே நின்று, "என்ன, ஏதாச்சும் தெரியுதா?" என்று கேட்கிறார்.

"இன்னும் தெரியல" என்கிறேன்.

"மெதுவாத்தான் வரும். டுர்க்கும் எதுக்கும் லேட்டுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறார். ஒருநாள் கோசே பக்கத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சிவந்திருந்த என் காதுகளைப் பார்த்தார்.

அந்தச் செடியை அவர் என் வீட்டுக்குக் கொண்டுவந்தது அந்தப் பிப்ரவரியில், ஒரு ஆலங்கட்டி மழை நாளில். தொட்டியை வயிற்றோடு அணைத்து, தன் கம்பளிச் சால்வையை அதற்குப் போர்த்தி, தான் நனைந்தபடி வந்தார். நான் கதவைத் திறந்ததும் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"எங்க வீட்ல இருந்தா நான் போய்ப் போய்ப் பாப்பேன். அதுவும் மெரண்டு போயிரும். உங்கிட்ட இருக்கட்டும்."

"வித்ஸ்கே உள்ள வரட்டும், நனையுது."

"இரு. மொதல்ல இதக் கேளு." தொட்டியை என் கையில் கொடுத்தவர், விளிம்பிலிருந்து விரல்களை எடுக்கவில்லை. "ஆம்பளையா வந்துச்சுன்னா, நான் வேலைல இருந்தாலும் பரவால்ல, படகுத்துறைக்கே ஓடி வந்து சொல்லு. இல்லேன்னா, நான் கேக்குறப்பல்லாம் இன்னும் தெரியலன்னே சொல்லு."