தங்கம் கழற்றிய மணிக்கூடு

பழைய மோட்டார் சைக்கிள் விற்பதுதான் என் தொழில். கல்முனையில் மெயின் வீதியோடு கடை. விற்கப்போகும் சாமானை எப்படியாவது புதிதாகக் காட்ட வேண்டும், எங்கள் வியாபாரத்தின் மூலமந்திரமே அதுதான். கீறலுக்கு பெயின்ட், டாங்கிக்கு பொலிஷ், கிழிந்த சீட்டுக்குப் புதுக் கவர். ஆகவே மச்சானின் கைமணிக்கூட்டை விற்றுத்தரச் சொல்லி, கூடப்பிறந்த மூத்தவளான ராத்தா கேட்டபோது, நகைக்கடையில் கொடுத்து ஒரு பொலிஷ் போட்டுவிடுவோமா என்றுதான் முதலில் கேட்டேன்.

"ஒண்டும் போட வேணாம் தம்பி. அவர் கட்டின மாதிரியே கொண்டு போ" என்றா ராத்தா.

ராத்தாவின் கணவரான மச்சான் மௌத்தாகி, அடக்கம் செய்து இரண்டு வருடம். இளம் வயதில் வளைகுடாவில் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியருக்கு டிரைவராக இருந்தவர். ஊருக்குத் திரும்பும் நாளில் அந்த மனிதர் தன் கையிலிருந்து கழற்றி இவர் கையில் கட்டிவிட்ட சுவிஸ் மணிக்கூடு அது. விலை தெரிந்தவர்கள் பெட்டியில் வைத்துப் பூட்டுகிற சாமான். மச்சான் அதைக் கட்டிக்கொண்டு சவளக்கடை வயலில் வரம்பு கட்டினார், உர மூட்டை தூக்கினார். அதில் இல்லாத கீறல் இல்லை.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் நிக்காஹ் நடக்கும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ராத்தாவின் ஒரே மகளுக்குக் கல்முனைக்குடியில் கட்டிய வீடு சுவரோடு நின்றுபோனது. மாப்பிள்ளை பேசியாகிவிட்டது. கூரை போட்டால்தான் திகதி வைக்கலாம். அந்தக் கூரை மச்சானின் மணிக்கூட்டிலிருந்துதான் வரவேண்டும் என்று ராத்தா நம்பிக்கொண்டிருந்தா.

பஸ் ஏறிக் கொழும்புக்குப் போனேன். பழைய மணிக்கூடு வாங்கி விற்கும் ஒரு கடை. முதலாளிக்கு என்னைவிட வயது குறைவு, ஆனால் மணிக்கூட்டைக் கையில் வாங்கிய விதத்திலேயே ஆள் விஷயம் தெரிந்தவர் என்று விளங்கியது. கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு அவர் பார்க்கப் பார்க்க, நான் குறை என்று நினைத்ததெல்லாம் நிறையாக மாறிக்கொண்டு வந்தது.

"பொலிஷே போடல்ல. நல்ல வேலை செஞ்சிருக்கீங்க" என்றார். பொலிஷ் போட்டால் உலோகம் தேய்ந்து, ஓரத்தின் கூர் மழுங்கிவிடுமாம். கீறல் இருந்தாலும் உருவம் அப்படியே இருக்க வேண்டுமாம். வெள்ளையாக இருந்த முகப்பு பால் ஊற்றாத பிளேன்டி நிறத்துக்கு வந்திருந்ததைக் காட்டி, அதை மாற்ற முடியாதா என்று கேட்டேன். மாற்றினால் பாதி விலை போய்விடும், இப்படிச் சீராகப் பழுத்த முகப்பைத் தேடி வாங்க ஆள் இருக்கிறது என்றார். வாங்கிய பெட்டியும் பில்லும் இருந்தால் இன்னும் கூடுமாம். இப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள் என் கடைக்கு வந்தால் மோட்டார் சைக்கிளைக் கழுவுகிற செலவாவது மிஞ்சும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். மனதுக்குள் ஓடு ஏறிவிட்டது, திகதியும் வைத்துவிட்டேன்.

அப்போதுதான் அவர் முகம் மாறியது.

"உள்ளுக்கு முள்ளெல்லாம் தங்கக் கலர். ஆனா கண்ணாடியச் சுத்தி இருக்கிற வளையம் ஸ்டீல். சாவி குடுக்கிற குமிழும் ஸ்டீல். இந்த மொடல் இலக்கத்துல வந்தத்துக்கு ரெண்டும் தங்கமாத்தான் இருக்கணும். ஆரோ கழட்டிட்டு வேற போட்டிருக்காங்க."

உள்ளும் புறமும் ஒவ்வொரு துண்டும் கம்பனியிலிருந்து வந்தபடியே இருந்தால்தான் முழு விலையாம். இதற்கு அதில் பாதிகூட வராது என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. விலையைக் குறைக்கக் கதை விடுகிறார் என்றே நினைத்தேன், நானும் வியாபாரிதானே. அவருக்கு முன்னாலேயே ராத்தாவுக்கு கோல் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஓம் தம்பி, அவர் சொல்றது சரிதான்" என்றா ராத்தா. "தங்கத்தக் கழட்டினது உன்ட மச்சான்தான். அதுக்குப் பாதி விலை போகும் எண்டு நான் நினைக்கல்ல. ஆம்பிளைக்குத் தங்கம் நம்மட மார்க்கத்துல ஹராம்தானே. அவ்வளவு ஆசையாக் குடுத்தத கட்டாம வெக்கவும் மனமில்ல. வந்த கிழமையே கடிகாரக்காரரிட்டக் குடுத்து மாத்திப்போட்டார். அந்தத் தங்கத்த உருக்கித்தான் மகளுக்குக் காது குத்தக்குள்ள தோடு செஞ்ச."

"விலை குறையும் எண்டு அவருக்குத் தெரியாதா?"

"தெரியும். ஒண்டையும் மாத்தாத, காலம் போகப் போக விலை ஏறும் எண்டு அந்த வெள்ளைக்காரரே சொல்லித்தான் குடுத்த. விக்கிறவனுக்குத்தானே அந்தக் கதை, நான் இத தொழுற கையில கட்டப்போறன் எண்டார்."

 மச்சானோடு எத்தனையோ வருடம் பழகியிருக்கிறேன். ஹலால் ஹராம் பற்றி அவர் வாயால் ஒரு பயானோ உபதேசமோ கேட்டதில்லை. இவ்வளவு பெரிய நட்டத்தைத் தெரிந்தே வாங்கிக்கொண்டு, ராத்தாவைத் தவிர ஒருவருக்கும் மூச்சுவிடாமல் போய்ச் சேர்ந்திருக்கிறார். அந்த நிமிடம் எனக்கு அவர்மேல் வந்த மரியாதைக்கு அளவில்லை.

"அல்லாஹ் பொருந்திக்கொள்ளட்டும்" என்றார் முதலாளி. "ஆனா என்னால கூட்டித்தர ஏலாது. இத வாங்க வாறவருக்கு இந்தக் கதை விளங்காது." நேர்மையான மனிதர், அவரில் குறை இல்லை.

"குடுத்துட்டு வா" என்றா ராத்தா.

அந்தக் காசுக்கு அறைகளுக்கும் சமைக்கிற குசினிக்கும் ஓடு போட்டோம். நடு ஹோல் வானம் பார்த்தபடி கிடந்தது. மாப்பிள்ளையைப் பெற்ற வாப்பா வீடு பார்க்க வருகிறார் என்றதும் ராத்தாவிடம் ஓடினேன். கூரை குறைந்த வீட்டால் நின்றுபோன கலியாணங்கள் எங்கள் ஊரில் உண்டு. வங்கிக் கடன் வரும், சாமான் வர வேணும் என்று ஏதாவது சாட்டுச் சொல்லிச் சமாளிப்போம் என்றேன். ராத்தா கேட்கவில்லை. வந்த மனிதருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, மணிக்கூட்டின் கதையை முதலிலிருந்து கடைசி வரை சொன்னா. தோட்டை வேண்டுமானால் விற்று ஹோலுக்கும் கூரை போடுகிறேன் என்றும் சொன்னா.

அவர் தேத்தண்ணியை முழுதாகக் குடித்து முடித்தார்.

"அந்தப் பிள்ளைட காதுல கை வெக்காதீங்க" என்றார். "அந்த மனிசன்ட வீட்டுக்குத்தான் என்ட மகன் வாறான் எண்டா, எங்களுக்கு அது காணும், வேற ஒண்டும் வேணாம். திகதிய வெப்பம்."

ராத்தா குசினிக்குள் போய் அழுதா. மறுநாள் விடிய, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, கட்டுகிற வீட்டு வாசலில் லேண்ட்மாஸ்டர் டிராக்டர் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டிலிருந்து வாங்கித்தான் எங்கள் ஊரில் பழக்கம், கொடுத்து இல்லை. மாப்பிள்ளையின் வாப்பா நடு ஹோலுக்குக் கூரைத் தகரத்தைத் தன் தோளில் தாங்கி இறக்கிக்கொண்டிருந்தார்.