அம்மாவின் தராசில் ஏறிய சாம்பியன்

என் அண்ணன் குத்துச்சண்டையில்தான் ஆரம்பித்தான். எதிராளியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிப் போட்டதால் அங்கிருந்து துரத்திவிட்டார்கள். கட்டிப்பிடிக்கலாம், தூக்கிப் போடலாம், மேலே உட்கார்ந்தும் குத்தலாம் என்று எம்எம்ஏ என்றொரு விளையாட்டு இருப்பதைத் தண்டையார்பேட்டையில் ஜிம் வைத்திருக்கும் மாஸ்டர் சொன்னார். அதில் மாநில சாம்பியன் ஆனான். இதனால் எங்கள் திருவொற்றியூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தவை: ஃப்ரிட்ஜின் மேல் ஒரு பெல்ட், எந்நேரமும் தைல வாடை, காலிஃபிளவர் போல வீங்கிய ஒரு காது. காதைப் பார்த்துவிட்டுப் பெண் வீட்டார் இருவர் டீ கூடக் குடிக்காமல் கிளம்பினார்கள்.

பெல்ட்டைக் காப்பாற்றும் சண்டை வந்தது. சண்டைக்கு முந்தின நாள் எடை பார்ப்பார்கள். அறுபத்தாறு கிலோவைத் தாண்டினால் பெல்ட் அங்கேயே போய்விடும். ஜிம்மில் இருந்த எடை மெஷினை ஒரு குண்டுப் பையன் ஏறி உடைத்திருந்ததால், அண்ணன் தினமும் காலையில் அம்மாவின் மீன் தராசில் ஏறினான். அம்மா காசிமேட்டில் கூடை கூடையாக மீன் எடுத்து வந்து வாசலில் வைத்து விற்பவள். ஆள் ஏறி நிற்கும் அளவுக்குப் பெரிய எலக்ட்ரானிக் தராசு அது.

அண்ணன் பட்டினி கிடந்தான். தராசு அசைந்து கொடுக்கவில்லை. எண்ணூர்த் தொழிற்சாலை ஒன்றில், கருவிகள் சரியாக அளவு காட்டுகின்றனவா என்று சோதிப்பது என் வேலை. அதனால், "நான் ஒரு தடவை செக் பண்றேம்மா" என்றேன்.

"கம்பெனி வேலைய கம்பெனிலயே வெச்சிக்க. என் தராசுல கை வெச்ச, கைய ஒடிச்சிருவேன்" என்றாள் அம்மா.

எடை பார்க்கும் நாளுக்கு முந்தின மத்தியானம். அண்ணன் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, எரியும் அடுப்புக்குப் பக்கத்தில் நின்ற இடத்திலேயே ஓடினான். எச்சிலும் எடைதான் என்று மாஸ்டர் சொல்லியிருந்ததால் ஒரு டம்ளரில் துப்பிக்கொண்டே இருந்தான். பக்கத்து வீட்டு அக்கா சங்கரா மீன் வாங்க வந்து, இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏறினான். அறுபத்தேழரை.

"மொட்ட அடிச்சா கொறையுமா?" என்று என்னைக் கேட்டான்.

"தல உள்ள காலியாதான் கீது. முடியையாவது வுட்டு வையி."

சிரிக்க வாயைத் திறந்தவன், அப்படியே சரிந்து மீன் கூடை மேல் உட்கார்ந்தான். உதடெல்லாம் வெடித்திருந்தது. அம்மா அவனைப் பார்த்தாள். தராசைப் பார்த்தாள். பக்கத்து வீட்டு அக்காவையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு சொம்பு நீராகாரத்தோடு வந்தாள்.

"குடிடா."

"பெல்ட்டு பூடும்மா."

"பூவாது. அது கூட காட்டும்."

"எது?"

"தராசுதான். கிலோவுக்கு அம்பது கிராம் கூட காட்டும். போதுமா?"

மனக்கணக்குப் போட்டேன். அவன் எப்போதோ அறுபத்தைந்துக்கும் கீழே இறங்கியிருந்தான்.

"அப்ப இத்தினி நாளா நான் இன்னாத்துக்குப் பட்டினி கெடந்தேன்?" என்று கத்தினான்.

"வஞ்சிரத்துக்குன்னு வெச்சதுடா. உனக்கா வெச்சேன்? உன்ன யாரு ஏறச் சொன்னது?"

பக்கத்து வீட்டு அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "யக்கா, கல்யாணமாயி வந்ததுலேர்ந்து உன்னாண்டதானே மீனு வாங்குறேன்?"

"புள்ள உசுரு ஊசலாடுது. உனக்கு மீனு பெர்சா?"

மறுநாள் எடை பார்த்தபோது சரியாக அறுபத்தைந்து காட்டி, அண்ணன் தாராளமாகத் தேறினான். அதற்கடுத்த நாள், எதிராளியின் மேல் ஏறி உட்கார்ந்து பெல்ட்டையும் காப்பாற்றினான். வீட்டுக்கு வந்தபோது தெருவே திரண்டு நின்றது. மாலை போடத்தான் என்று நினைத்தோம். பக்கத்து வீட்டு அக்கா கையில் பையோடு முன்னால் வந்தாள்.

"மொதல்ல புள்ளைய ஏத்து. அறுபத்தஞ்சு காட்டுதான்னு பாத்துட்டு அப்பால மீன ஏத்து."

அன்றிலிருந்து எங்கள் வாசலில் அதுதான் வழக்கம். சாம்பியன் தினமும் தராசில் ஏறி இறங்கிய பிறகே வியாபாரம். தொழில்முறையில் எனக்கு இதில் சம்மதமில்லை. எடைக்கல் பிரியாணி சாப்பிடக் கூடாது.