கொதிக்கும் சட்டிக்கு இரண்டு பக்கம்

காலை பத்து மணிக்குச் சற்று முன்பாக ஸ்காபரோவில் ரெயில் ஏறினோம், நானும் இவரும். மொன்றியல் இங்கிருந்து ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர், ஏறக்குறைய ஐந்து மணித்தியாலப் பயணம். முப்பது வருடமாகக் கனடாவில் இருக்கிற எங்களுக்கு அது ஒரு தூரமே இல்லை. ஆனால் நாலு வருடமாக அந்தப் பக்கம் நாங்கள் தலைவைத்தும் படுக்கவில்லை. என்னுடைய ஒரே தம்பி ரவி அங்கே இருக்கிறான் என்பதுதான் காரணம்.

நாலு வருடத்துக்கு முன் ரவி மொன்றியலின் ரொக்ஸ்பரோ பகுதியில் வீடு வாங்கிக் குடிபுகுந்தான். நல்ல விஷயம். இப்படியான நன்மை தின்மைக்கு அத்தான்காரனை வீடு தேடி வந்து அழைக்க வேண்டும். ஏலாவிட்டால் போனிலாவது ஒரு சொல் சொல்ல வேண்டும். இவன் என்ன செய்தான்? அழைப்பிதழைப் படம் பிடித்து, ஊர்ச்சனம் முழுக்க இருக்கிற வாட்சப் குழுவில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டான். "எனக்கும் அவன் மரக்கறி வாங்கிற கடைக்காரனுக்கும் ஒரே மெசேச்சோ?" என்று இவர் துள்ளினார். "அந்த வீட்டு வாசல் மிதிக்க மாட்டன்" என்றும் அன்றைக்கே சொல்லிவிட்டார். வாயால் விட்டதை விழுங்குகிற மனிசரா இவர்? தம்பியும் லேசுப்பட்டவன் இல்லை. "வந்தால் வரட்டும், வராட்டி விடட்டும்" என்று அவனும் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டான். நடுவில் கிடந்து இடிபட்டது நான்.

இப்போது தம்பியின் மகள் நிலானிக்குக் கலியாணம் முற்றாகியிருக்கிறது. அவளுக்கு இருக்கிற ஒரே மாமி நான். இவர் இல்லாமல் நான் தனியே போய் மண்டபத்தில் நின்றால் சனம் என்னென்ன கேட்கும் என்று சொல்லத் தேவையில்லை. போகாமல் விட்டால் செத்தாலும் என் மனம் ஆறாது. நித்திரை இல்லாமல் கிடந்தபோதுதான் நிலானி போன் எடுத்தாள்.

"மாமி, மாமா எங்கடை வீட்டுக்குத்தானே வரமாட்டார்? கடைக்கு வரலாம்தானே?"

அவள் 'கார்டரி' என்று அங்கே சொல்கிற சின்னப்பிள்ளைகள் காப்பகத்தில் வேலை செய்கிறவள். பொம்மைக்கு அடிபடுகிற இரண்டு பிள்ளைகளை ஒரு மேசையில் இருத்துகிற வித்தை அவளுக்குக் கைவந்தது. ரொக்ஸ்பரோவில் தங்கள் வீட்டுக்குக் கிட்ட ஒரு சீனக் கடை இருக்கிறதாம், மேசை நடுவில் சட்டி கொதிக்குமாம், நாங்களே அவித்துச் சாப்பிடலாமாம். யார் வீட்டுச் சாப்பாடும் இல்லை, யார் சமைத்ததும் இல்லை. மாமாவின் சபதத்துக்கு ஒரு கீறலும் விழாது என்றாள்.

பாதி வழியில் ரெயில் கிங்ஸ்டனைத் தாண்டியது. இவர் யன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "இஞ்சரும், நான் சாப்பிடத்தான் வாறன். சமாதானம் பேச இல்லை."

"ஓம், தெரியும். சாப்பிடுங்கோ," என்றேன்.

பின்னேரம் மூன்று மணிபோல, மொன்றியல் விமான நிலையம் இருக்கிற டோர்வலில் இறங்கினோம். விமானங்கள் தலைக்கு மேலே தாழப் பறந்தன. தம்பி அந்த விமான நிலையத்தில்தான் பெட்டி ஏற்றி இறக்கும் பகுதியில் இருக்கிறான். இவர் வீம்புக்கென்றே நிலையத்துக்குப் பக்கத்தில் ஹோட்டல் அறை எடுத்திருந்தார். ஐந்து மணிக்கு நிலானி காரோடு வந்து எங்களை ஏற்றினாள். பதினைந்து நிமிட ஓட்டம். வழியெல்லாம் பனி ஒதுக்கிக் குவித்த முற்றங்கள், ஒரே மாதிரியான செங்கல் வீடுகள்.

கடை ஒரு சிறிய கடைத்தொகுதியில், சலவைக்கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவே இருந்தது. கதவைத் திறந்ததும் கறுவா, ஏலம், பெருஞ்சீரகம் எல்லாம் கலந்த ஆவி முகத்தில் அடித்தது. என் கண்ணாடி புகார் மூடிப்போய்விட்டது. துடைத்துப் போட்டுப் பார்த்தால், மூலை மேசையில் தம்பி எழும்பி நிற்கிறான். மெலிந்து, முன்தலை வெளித்திருந்தான். அவன் மனைவி, என் மச்சாள், வரவில்லை. இவர் முகம் கொடுக்காவிட்டால் தன்னால் தாங்கேலாது என்று வீட்டில் நின்றுவிட்டாளாம்.

ஆளுக்கு முப்பத்துநாலு டொலர், வரி புறம்பு. விரும்பிய அளவு எடுக்கலாம், ஆனால் மிச்சம் விட்டால் தண்டம். மேசைக்குள்ளே பதித்த மின்னடுப்பு, அதன்மேல் நடுவில் தகடு வைத்துப் பிரித்த சட்டி. ஒரு பக்கம் வெள்ளை ரசம், இஞ்சித் துண்டுகளோடு. மற்றப் பக்கம் செக்கச்சிவந்த எண்ணெய், செத்தல் மிளகாய் மிதக்க. கடதாசிபோல மெல்லிதாய்ச் சீவிய ஆட்டிறைச்சி, இறால், மீன் உருண்டை, தாமரைக் கிழங்கு, பெயர் தெரியாத கீரைகள் எல்லாம் பச்சையாகவே தட்டுத்தட்டாக வந்து இறங்கின.

"உம்மடை தம்பியிட்டைக் கேளும், இதிலை மாட்டிறைச்சி கிடக்கோ எண்டு," என்றார் இவர் என்னைப் பார்த்து.

"அக்கா, அத்தானிட்டைச் சொல்லு, நான் மாடு எடுக்கேல்லை எண்டு," என்றான் அவன், சட்டியைப் பார்த்து.

இரண்டு முழம் அகலமில்லாத மேசை! நான் தபால்காரியாகி இருவருக்கும் செய்தி காவிக்கொண்டிருந்தேன். நிலானி மட்டும் பதறாமல் வெள்ளைப் பக்கத்தில் இறாலைப் போட்டாள். "மாமா, நீங்கள் இந்தப் பக்கத்திலை சாப்பிடுங்கோ. மற்றது உங்களுக்குப் பழக்கமில்லாத உறைப்பு."

இதை ஒரு யாழ்ப்பாணத்தானிடம் சொல்லலாமா? "உறைப்பு எங்களுக்குப் படிப்பிக்கிறாங்களோ?" என்று இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கீரையைச் சிவப்புப் பக்கத்தில் தோய்த்து எடுத்தார், சாப்பிட்டார். "இது உறைப்பே? சீனி போட்ட மாதிரிக் கிடக்கு." பிறகு அகப்பையால் அடியில் துழாவி, மிளகுபோலக் கிடந்த ஏதோ மணிகளோடு சேர்த்து அள்ளி, ஒரு வாய் நிறையச் சப்பினார்.

கொஞ்ச நேரத்தில் சப்புகிற வாய் நின்றுவிட்டது. கையால் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று.

"இஞ்சரும்... எனக்கு நாக்கு விறைக்குது. சொண்டும் விறைக்குது."

என் உயிர் என்னிடம் இல்லை. இவருக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. இவருடைய தகப்பனுக்குப் பாரிசவாதம் வந்ததும் இப்படித்தான், சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் நாக்கில் தொடங்கியது. ஐயோ கடவுளே, சமாதானம் செய்யக் கூட்டி வந்து ஆளையே பறிகொடுக்கப் போகிறேனோ என்று கைகால் ஓடவில்லை.

தம்பி கதிரையைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து வந்தான். வேலையிடத்தில் முதலுதவி படிப்பித்திருக்கிறார்கள். இவருடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான்.

"அத்தான்! என்னைப் பாருங்கோ. சிரியுங்கோ!"

"என்னடா?"

"சிரியுங்கோ எண்டுறன்! வாய் கோணுதோ பாப்பம்!"

இவர் பல்லைக் காட்டிச் சிரித்தார். நாலு வருடத்தில் என் தம்பியைப் பார்த்து முதல் சிரிப்பு.

"இப்ப ரண்டு கையையும் தூக்குங்கோ. இன்னும் மேலை. அப்பிடியே பிடியுங்கோ. என்ரை பேர் என்ன? தெளிவாச் சொல்லுங்கோ!"

"உன்ரை பேர் எனக்குத் தெரியாதே, மடையா? ரவி!"

கடை முழுக்க எங்களையே பார்த்தது. பரிமாறுகிற சீனப் பெண்மணி ஓடிவந்தார். நிலானி சட்டியையும் மாமாவையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்மணியிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, அடுப்படியிலிருந்து தவிட்டு நிறத்தில் வெடித்த சின்னஞ்சிறு காய்களை உள்ளங்கையில் கொண்டுவந்து காட்டினார்.

"மாமா, இது சீன மிளகு. இதின்ரை வேலையே நாக்கை விறைக்க வைக்கிறதுதான். கொஞ்சத்திலை போயிடும். நீங்கள் ஒரு பிடி சப்பியிருக்கிறியள்."

இவர் தூக்கிய கைகளை இன்னும் இறக்கவில்லை. "அப்ப எனக்கு ஒண்டும் இல்லையே?"

"ஒண்டும் இல்லை அத்தான், ஒண்டும் இல்லை," என்று சொன்ன தம்பி அப்படியே பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டான். சட்டைக் கையால் நெற்றி வேர்வையைத் துடைத்தான். இவர் அதைப் பார்த்தார். மெதுவாகத் தன் கையை இறக்கி அவன் தோளில் வைத்தார். மலைபோல வந்தது பனிபோலப் போயிற்று. நான் சிரிக்கத் தொடங்கி, அழுது, மேசைக் கடதாசி எல்லாவற்றையும் முடித்தேன்.

பிறகு தம்பி தன் இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. வெள்ளைப் பக்கத்திலிருந்து இறாலாகப் பொறுக்கி இவருடைய கோப்பையில் போட்டுக்கொண்டே இருந்தான். "பொறுங்கோ அத்தான், அது இன்னும் வேகேல்லை" என்று தடுத்தான். "நீ சாப்பிடடா" என்று இவர் அவனுக்கு ஆட்டிறைச்சி போட்டார். தண்டப் பயத்தில் கடைசிக் கீரைவரை முடித்தோம்.

எல்லாம் சரிவந்தது என்று மூச்சு விட்ட நேரம் பார்த்து, என் புத்திசாலித் தம்பி சட்டைக்குள்ளிருந்து கலியாண அழைப்புக் காட்டை எடுத்தான். எண்ணெய்க் கையோடு, சட்டிக்கு மேலால் நீட்டினான். "அத்தான், நிலானியின்ரை..."

மேசைக்கு அடியால் அவன் காலில் உதைத்தேன். பிந்திவிட்டது. இவருடைய முகம் இறுகியது.

"வை உள்ளை."

தம்பி நீட்டிய கையை மடக்கினான். சட்டி மட்டும் கொதித்தது.

"கலியாணக் காட்டை இப்பிடிச் சாப்பாட்டுக் கடையிலை வைச்சே குடுக்கிறது? இன்னும் நீ பழகேல்லை," என்றார் இவர். "ஞாயிற்றுக்கிழமை ரண்டுபேருமா ஸ்காபரோவுக்கு வாங்கோ. தட்டத்திலை வெத்திலை பாக்கு வைச்சு, முறையாத் தாங்கோ. நான் வீட்டிலைதான் நிப்பன்."

என் வயிற்றில் பாலை வார்த்தார் மனிசன். தம்பி காட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு "ஓம் அத்தான், ஓம் அத்தான்" என்றான்.

திரும்பும்போது தம்பி தன் காரில் முன்னே போக, நிலானி எங்களைத் தங்கள் வீட்டு வழியாகக் கூட்டிப்போனாள். சபதம் சபதம்தான், இவர் காரை விட்டு இறங்கவில்லை. மச்சாள் சப்பாத்துக்கூடப் போடாமல் பனிக்குள் ஓடிவந்து, கார் யன்னலால் தேத்தண்ணி நீட்டினாள். இவர் காருக்குள் இருந்தே குடித்தார். "நல்ல தேத்தண்ணி, பிள்ளை. உள்ளை போ, குளிருது," என்றார்.

மறுநாள் காலை ரெயிலில் அந்தச் சட்டியைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் வீடுகளில் ஒருவர் சமைப்பார், ஒருவர் பரிமாறுவார், மற்றவர் என்ன குறை என்று பார்த்துக்கொண்டு இருப்பார். அங்கே வீட்டுக்காரரும் இல்லை, விருந்தாளியும் இல்லை. கோபித்துக்கொண்டு இருப்பவரும் தன்னுடையதைத் தானேதான் அவிக்க வேண்டும். அடுத்தவருடையது வேகிறதா என்றும் தன்னையறியாமல் கண் பார்த்துவிடுகிறது.

இவருக்கும் அதே நினைவுதான் போலிருக்கிறது. "அந்தச் சட்டியும் அடுப்பும் இஞ்சை வாங்கலாமோ? ஞாயிற்றுக்கிழமை அவை வரேக்கை நடுவிலை வைப்பம்."

"ஒண்டும் வேண்டாம். நான் சமைப்பன். என்ரை தம்பி எங்கடை வீட்டிலை கை நனைக்கட்டும்," என்றேன்.

இவர் யன்னலில் இருந்து என் பக்கம் திரும்பினார்.

"அதுவும் சரிதான். பேந்து நாங்கள் அங்கை கலியாணத்துக்குப் போகேக்கை ஹோட்டல் எடுக்கத் தேவையில்லை, என்ன? உம்மடை மச்சாள் நண்டுக்கறி நல்லா வைப்பா."