பின்னால வாற ஜீப்பின்ர திறப்பு

ஒரு வண்டிக்குப் பின்னால இன்னொரு வண்டியைக் கட்டி அனுப்பிறது கேக்க லேசான தொழில்தான். கட்டிப் பாத்தவனுக்குத்தான் தெரியும், இரும்பு சொல்லுக் கேக்கும், இரும்புக்குச் சொந்தக்காரர் கேக்கமாட்டினம் எண்டு.

அடுத்தவன்ர வாகனத்தில கை வைச்சுச் சம்பளம் எடுத்த ஆக்களே, இது உங்களுக்காகத்தான். எண்பதுகளின்ர கடைசிப் பக்கம் ஆக்லாந்தில, ஈஸ்ட் டாமாக்கியில ஒரு தகர ஷெட்டில எனக்கு வேலை. ஊரில கந்தோரில, ஒஃபிஸ் கதிரையில இருந்து கட்டிடப் படம் கீறின கை, இஞ்ச வந்து கிறீஸ் பூசிச்சுது. பென்சன் எடுத்த வெள்ளைக்காரச் சோடியள் படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளுக்க வைச்ச மோட்டர் ஹோம் ஒண்டை வாங்கி நாடு சுத்த வெளிக்கிடுவினம். போன இடத்தில பால் வாங்க வீட்டையே ஓட்டிக்கொண்டு போகேலாதே. அதுக்காக ஒரு ஃபோர் வீல் ட்ரைவ் ஜீப்பையும் பின்னால இழுத்துக்கொண்டு போவினம். ட்ரெய்லரில ஏத்திறேல்லை, நாலு சில்லும் றோட்டில உருண்டபடிதான். ஜீப்பின்ர மூக்கில இங்கிலீஸ் ‘ஏ’ எழுத்து மாதிரி ஒரு இரும்புச் சட்டம் பூட்டி, லைற்றுக்கு வயர் இழுத்து, சங்கிலி போட்டுக் குடுக்கிறது எங்கட வேலை.

இழுக்கப் போற ஜீப்பை நியூட்ரலில விட வேணும். கை பிரேக்கை இறக்க வேணும். முன் சில்லு ரெண்டும் தன்பாட்டில திரும்பிறதுக்காக, திறப்பை, அதுதான் சாவியை, ஸ்டியரிங் பூட்டைத் திறந்தபடி உள்ளுக்கயே விட வேணும். யாழ்ப்பாணத்தான் ஒருத்தன் நிப்பாட்டின வாகனத்துக்குச் செய்யவே கூடாத மூண்டும் இஞ்ச தொழில்முறை! ஊரில ஒருநாள் நான் பாண் வாங்கக் கடைக்குள்ள போன நேரம் என்ர பழைய கார் திறப்போட நிண்டது. வெளியில வரேக்க திறப்பும் இல்லை, காரும் இல்லை. சண்டை நேரம், ஆர் எடுத்தது எண்டு கேக்கிற காலமில்லை அது. அண்டையில இருந்து எந்த வாகனத்தால இறங்கினாலும் என்ர கை என்னைக் கேளாமலே திறப்பைப் பிடுங்கிச் சேட்டுப் பொக்கற்றுக்குள்ள போட்டிடும்.

ஆணி

அப்ப என்ர மனுசி சுகந்தி கொழும்பில தமக்கை வீட்டில விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தா. கல்யாணம் முடிச்சு ரெண்டு வருசம். அதில சேந்திருந்தது நாலு மாசம். எனக்கு நிரந்தர வேலை எண்டு முதலாளி கையெழுத்து வைச்ச கடிதம் குடுத்தால்தான் குடிவரவுக் கந்தோரில பைலைத் திறப்பினம். முதலாளி கொலின் நல்ல மனுசன், ஆனால் ஒரு சொல்லுக்கு மேல பேசாதவர். அவற்ற மேசைக்கு மேல சுவரில ஒரு நீட்டு ஆணி இருந்தது. வாடிக்கையாளர் ஆராவது முறைப்பாடு எழுதிக் குடுத்தால், வேலை செய்தவன்ர பேரோட அந்தத் துண்டை ஆணியில குத்திவிடுவார்.

நான் கடிதம் கேக்கப் போனபோது அவர் என்னைப் பாக்கேல்லை, ஆணியைத்தான் பாத்தார். எல்லாரும் இங்கிலீசில சொன்னதை என்ர தமிழிலதான் தாறன், குறை நினையாதேங்கோ. “ஆறு மாசம் உன்ர பேரில ஒரு துண்டும் இதில ஏறாமல் போகட்டும். பிறகு வா, கடிதம் அடிப்பம்.”

முட்டுச் சந்து

இந்தச் சட்டம் பூட்டினால் பின்னுக்குப் போகேலாது. ரிவேர்ஸ் எடுத்தால் ஜீப்பின்ர சில்லு கண்டபடி திரும்பி, சட்டம் முறுகி, எல்லாம் கோணிக்கொண்டு நிண்டிடும். இதை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மூண்டு தரம் சொல்லுவன். ஒரு கிழவருக்கு நாலு தரம் சொன்னன். அவர் அண்டைக்குப் பின்னேரமே பாட்டனி டவுன்ஸில மகளின்ர புது வீட்டைப் பாக்கப் போய், வாலும் தலையுமாய் முட்டுச் சந்துக்குள்ள நேரே விட்டிட்டார். முன்னால வேலி, ரெண்டு பக்கமும் பூமரம், பின்னால நியூட்ரலில ஜீப்.

நான் சுத்தியலோட போய்ச் சேர, மகளின்ர அயலட்டை முழுக்கக் கூடி நிண்டு தேத்தண்ணி குடிக்குது. சட்டத்தைப் பூட்டிற, இறுகிப்போன ஊசியை அடிச்சுக் கழட்டி, ஜீப்பைத் தனிய எடுத்து, ஓடுற வீட்டைத் தனிய எடுத்து, திரும்ப றோட்டில கொண்டுபோய்க் கட்டினன். எனக்கு ஆணிதான் கண்ணுக்க நிண்டது. “ஐயா, பின்னுக்குப் போகேலாது எண்டு நாலு தரம் சொன்னனான்” எண்டு மெல்லமாச் சொன்னன். கிழவர் தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறிஞ்சார். “பின்னுக்குப் போகேலாது எண்டு சொன்னாய் தம்பி, சரி. முன்னுக்கும் போகேலாத இடம் இருக்கெண்டு நீ சொல்லேல்லையே!”

ஓடாமல் ஓடின தூரம்

இன்னொருத்தர் வடக்கு முனை வரைக்கும் போய்வந்து, நேரே ஷெட்டுக்குள்ள வந்து ஜீப்பின்ர கதவைத் திறந்து ஓடின கிலோமீற்றர் எண்ணைக் காட்டினார். ஜீப்பின்ர என்ஜினை அவர் ஒருக்காலும் ஸ்ரார்ட் பண்ணவே இல்லையாம். ஆனால் போய்வந்த தூரம் முழுக்க அதில ஏறியிருக்கு. பின் சில்லு உருண்டால் அந்த எண்ணும் உருளும், அந்தச் சாதி ஜீப் அது, நான் என்ன செய்ய? விளங்கப்படுத்தினன். மனுசன் கேக்கேல்லை. கடுதாசியும் பென்சிலும் தா எண்டார். பென்சிலைக் குடுத்தன், கண் ஆணிப் பக்கம் போச்சு.

எங்களோட வேலை செய்த வெல்டர் கவுண்டர், பீஜிக்காரர். முப்பாட்டன் காலத்துத் தமிழ் பாதி, ஹிந்தி பாதியாய்க் கதைப்பார். முகமூடியை நெத்திக்குத் தூக்கிப்போட்டு முதல் எனக்குச் சொன்னார், பிறகு அதையே அந்த மனுசனுக்கு இங்கிலீசில சொன்னார். மனுசன் சிரிச்சு, பென்சிலைத் திருப்பித் தந்திட்டுப் போனார். கவுண்டர் சொன்னது இதுதான்: “நம்ம பாட்டன்கூட கப்பல்ல சும்மா குந்திகிட்டுதான் பீஜிக்கு வந்தாரு பையா. குந்திகிட்டு வந்தாலும் தூரம் தூரம்தான்.”

ஐரீன் இருக்க விரும்பின இடம்

அஞ்சாம் மாசம் முடியிற நேரம் லெஸ், ஐரீன் எண்டு ஒரு சோடி வந்தினம். லெஸ் சத்தமும் வேகமுமான ஆள். கதையும் அப்பிடி, வாகனமும் அப்பிடி. நான் சட்டம் பூட்டிக்கொண்டிருக்க, ஐரீன் பின்னல் ஊசியோட பக்கத்தில வந்து குந்தி, ரகசியமாய் ஒரு கேள்வி கேட்டா: இழுத்துக்கொண்டு போகேக்க ஜீப்புக்குள்ள ஆள் இருக்கலாமோ?

“ஐயோ, கூடவே கூடாது! சட்டத்துக்கும் விரோதம், உயிருக்கும் ஆபத்து” எண்டன். மனுசி பின்னலைச் சுருட்டிப் பைக்குள்ள வைச்சா. “முப்பத்தெட்டு வருசம் இந்த மனுசனுக்குப் பக்கத்தில இருந்திருக்கிறன். பின்னால இருக்கிறதுதான் ஆபத்தெண்டு நீ எனக்குச் சொல்லுறாய்!”

பொக்கற்றில கனம்

ஆறாம் மாசத்தின்ர கடைசிக் கிழமை. வெள்ளிக்கிழமை கடிதம் அடிப்பம் எண்டு கொலினே வாயால சொல்லிப்போட்டார். வியாழக்கிழமை லெஸ்ஸின்ர ஜீப்பைக் கட்டி அனுப்பிற நாள். லைற் பாத்தன், சங்கிலி பாத்தன், நியூட்ரல் பாத்தன், கை பிரேக் இறக்கினன். அந்த நேரம் பாத்து கொலின் உள்ளயிருந்து, உன்ர மனுசியின்ர முழுப் பேரை எழுதித் தா எண்டு கூப்பிட்டார். சந்தோசத்தில இறங்கி ஓடினன். எழுத்துக் கூட்டி எழுதிக் குடுத்திட்டு வெளியில வர, அவை கேட்டைத் தாண்டிப் போயிட்டினம். கேட்டில இருந்து றோட்டு நேரே போகும், அதால ஒண்டும் தெரியேல்லை. கையைக் காட்டி வழியனுப்பினன்.

கால் மணித்தியாலம் கழிச்சு லெஸ் ஒரு டெய்ரியில, அதாவது தெருமூலைக் கடையில இருந்து போன் எடுத்தார். ஜீப்பின்ர சில்லு திரும்பேல்லையாம், ரயர் புகையுதாம். போனைப் பிடிச்ச கை தானாய்ப் பொக்கற்றுக்குப் போச்சு. அட கடவுளே! திறப்பு அங்க இருந்தது. என்ர கை, அந்தப் பாழ்படுவான் கை, திறப்பை இழுத்து ஸ்டியரிங்கைப் பூட்டிப்போட்டு வந்திருக்கு. ஒரு கணம் சுகந்தியின்ர முகம் மட்டும்தான் தெரிஞ்சுது.

கவுண்டரின்ர காரை இரவல் வாங்கிக்கொண்டு பறந்தன். டெய்ரி வாசலில லெஸ்ஸும் ஐரீனும் நிண்டு ஐஸ்கிறீம் தின்னுகினம். முன் ரயர் ரெண்டும் ஒரு பக்கம் துருவின தேங்காய் மாதிரிக் கிடக்கு. திறப்பைக் கையில வைச்சுக்கொண்டு நான் உண்மையைச் சொன்னன், பொய் சொல்ல எனக்கு வாயும் வரேல்லை. அப்பதான் விசயம் வெளியில வந்தது. நான் கையைக் காட்டி உள்ளுக்க போனவுடன லெஸ் நிப்பாட்ட, ஐரீன் இறங்கிப்போய் ஜீப்புக்குள்ள ஏறியிருக்கிறா! முதல் வளைவிலேயே ரயர் கத்த, விடாமல் ஹோர்ன் அடிச்சிருக்கிறா. மனுசன் நிப்பாட்டவே இல்லை. “அவள் சொல்லி நான் ஒருநாளும் நிப்பாட்டினதில்லை. ஹோர்ன் அடிச்சால் நிப்பாட்டுவனே? ஐஸ்கிறீம் கடையைக் கண்டுதான் நிப்பாட்டினன்” எண்டார் லெஸ், ஒரு வெக்கமும் இல்லாமல்.

பிறகு அவருக்கு ரயரின்ர ஞாபகம் வந்து, கொலினுக்கு எழுதத்தான் வேணும் எண்டு தொடங்கினார். ஐரீன் என்ர முகத்தைப் பாத்தா. அதில என்னத்தைக் கண்டாவோ தெரியாது. “எழுதினால், உன்ர மனுசி எங்க இருந்தவ எண்டுதான் முதல் கேள்வி வரும். பேசாமல் ஐஸ்கிறீமை நக்கு, லெஸ்.”

வெறும் ஆணி

தப்பினன் எண்டு நீங்கள் நினைப்பியள். நானும் அப்பிடித்தான் நினைச்சன். ஆனால் அண்டைக்கு ராத்திரி நித்திரை இல்லை. மடியில கனம் இருந்தால் வழியில பயம் எண்டுவினம். எனக்குக் கனம் பொக்கற்றில. வெள்ளிக்கிழமை காலமை கொலின் கடிதத்தை அடிச்சு மேசையில வைச்சிருந்தார். ‘பொறுப்பான ஆள்’ எண்டு ஒரு சொல்லு அதில கண்ணைக் குத்திச்சுது. அதைத் தொடாமல் நிண்டு, திறப்புக் கதை முழுக்கச் சொன்னன். ஐரீன் எங்க இருந்தவ எண்டதை மட்டும் விட்டிட்டன், அது அவவின்ர கதை. சொல்லி முடிச்சு, நானே ஒரு துண்டில எழுதி நீட்டினன்.

கொலின் துண்டை வாசிச்சார், ஆணியைப் பாத்தார், துண்டைக் கசக்கிக் குப்பைக்க போட்டார். ரெண்டு நல்ல ரயர் திங்கக்கிழமை லெஸ்ஸுக்குப் போகட்டும் எண்டார். பிறகு கடிதத்தில கையெழுத்து வைச்சுக்கொண்டு, தலை நிமிராமல் சொன்னார்: “ஆணி வாடிக்கையாளருக்கு. நீயே எழுதி நீயே குத்திறதுக்கு இல்லை.”

மாங்கரேயில

கடிதம் போய் விசா வர இன்னும் ஒன்பது மாசம். அந்த ஒன்பது மாசமும் நான் கையைப் பழக்கினன். இறங்க முதல் “திறப்பை விடு, பிரேக்கை விடு, இறங்கு” எண்டு தமிழில வாய்விட்டுச் சொல்லுவன். கவுண்டர் அதைக் கேட்டுக் கேட்டு, தன்ர காருக்குள்ளயும் மந்திரம் மாதிரிச் சொல்லத் தொடங்கினார்.

சுகந்தி வந்திறங்கின நாள், மாங்கரே விமான நிலையத்துக்கு அதே கவுண்டரின்ர காரிலதான் போனன். பெட்டியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில நடந்தன், அதுவே போதுமாயிருந்தது. கார் நிண்ட இடத்துக்கு வந்து கதவைத் திறந்த சுகந்தி அப்பிடியே நிண்டிட்டா. கண்ணாடி பாதி இறக்கி, கை பிரேக் இழுக்காமல், நியூட்ரலில, திறப்புத் தொங்கிக்கொண்டிருக்குது. பாண் கடைக் கதை அவவுக்கும் தெரியும். நாலு பக்கமும் திரும்பிப் பாத்தா. ஆரும் எங்களைக் கவனிக்கேல்லை. கார் விட்ட இடத்திலேயே நிண்டது.

“என்னப்பா இது, இரவல் காரைத் திறப்போட விட்டிட்டே வந்தனீங்கள்? தனிய விட்டால் மனுசருக்கு மூளை இப்பிடிக் கழண்டு போகுமே!” எண்டு கேட்டபடி திறப்பை இழுத்துத் தன்ர கைப்பைக்குள்ள போட்டுப் பூட்டிட்டு, ஏறிப் பக்கத்தில இருந்தா. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேந்து வந்திட்டுது. கண்ணைத் துடைச்சிட்டு ஸ்டியரிங்கைப் பிடிச்சு, “இஞ்சரும், திறப்பைத் தாருமன், போவம்” எண்டன். மனுசி பையை மடியில இறுக்கிப் பிடிச்சா. “தாறன். எங்க போறம் எண்டு முதல் சொல்லுங்கோ.”

ஒண்டரை வருசமாய் அடுத்தவன்ர ஜீப்புகளைக் கட்டி அனுப்பின எனக்கு, எங்கட வீட்டில இழுக்கிறது ஆர், நியூட்ரலில பின்னால போறது ஆர் எண்டு விளங்க அந்தக் கார் பார்க்கே போதுமாயிருந்தது.