பரிபூரணம் நக்கிப் பார்த்த பால்

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவில் பால்கோவா கிண்டிய பரிபூரணம், தன் நிழலையே திரும்பிப் பார்த்து, "என்னத்துக்கு என் பின்னாலயே வாரே?" என்று அதட்டுகிறவள். என் காதால் கேட்டேன். நம்பாவிட்டால் உங்கள் பாடு.

பாலில் தண்ணீர் கலக்கிறார்கள் என்பது அவளுக்கு ஓயாத சந்தேகம். பால்மானிக் குழாயை நம்பமாட்டாள். அதையும் பால்காரர்கள் கைக்குள் போட்டிருப்பார்களாம். தினம் காலையில் பால்காரர்கள் கொண்டுவரும் ஒன்பது குடத்திலிருந்தும் பச்சைப் பாலை உள்ளங்கையில் ஊற்றி நக்குவாள். கலந்தது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்பது வரைக்கும் சொல்வாள்.

1943இல் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாயங்காலம் ஏறும், விடியலில் வேர்த்து இறங்கும். நாலு மாதத்தில் நாலு எட்டு நடந்தாலே மூச்சு இரைத்தது.

"கருத்தையாவத் தண்ணிப்பால்காரன்னு வஞ்சேம்லா? வெசத்த வச்சிட்டான்" என்றாள். தெரு முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. கருத்தையாவின் பாலை ஒரு வீட்டிலும் வாங்கவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் அவள் நெஞ்சில் நெடுநேரம் குழாய் வைத்துக் கேட்டார். ரத்தத்தை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் அவளை வரவழைத்துச் சொன்னார்: "மாட்டுக் கிருமி. இதய வால்வில் உட்கார்ந்துவிட்டது. சினை கலைந்த மாட்டுப் பாலில் இருக்கும்; காய்ச்சினால் செத்துவிடும். பச்சையாகக் குடித்தீர்களா?"

"குடிக்கலே. நக்குனேன்."

மருந்து உண்டா என்று கேட்டதற்கு, "இதற்கு இன்னும் மருந்து வரவில்லை" என்றார்.

'இவரும் கருத்தையா ஆளோ?' என்ற யோசனையோடுதான் வீடு திரும்பினாள். மறுநாள் கருத்தையா குடத்தோடு வாசலில் வந்து நின்றான். தெருவே கூடிவிட்டது.

"ஆச்சி, கறந்த சூடு ஆறல. ரெண்டு மாடு செனை கலைஞ்சது நெசந்தான், மறைக்கல. வெசம்னு சொன்னியள்லா? இந்தா, ஒங்க முன்னாலயே குடிக்கேன்."

"குடிக்கட்டும், பாப்போம்" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

பரிபூரணம் கட்டிலில் இருந்தபடி பார்த்தாள். கருத்தையாவின் கை நடுங்குகிறதா என்று பார்த்தாள், நடுங்கவில்லை. குடம் அவன் உதட்டுக்குப் போனபோது, சுவரைப் பிடித்து எழுந்துபோய் ஓங்கித் தட்டிவிட்டாள். பால் வாசலெல்லாம் ஓடியது.

"ஏலே, காய்ச்சாமக் குடிச்சா நீயும் என்னய மாதிரிப் படுத்துருவே! வெசமில்ல, மாட்டுச் சீக்கு. டாக்டரு சொன்னாவ."

"அப்ப என்னய நம்புதியளா ஆச்சி?"

"ஒன்னய எவ நம்புனா? டாக்டரத்தான் நம்புதேன்" என்று இரைத்தபடி உட்கார்ந்தாள்.

மறுநாளே கருத்தையாவின் குடங்கள் மறுபடி தெருவுக்குள் வந்தன. பரிபூரணம் ஐப்பசி வரை இருந்தாள்.