ஊர்ப்பலகைச் சக்கரவர்த்தி

பலகை கண்ணில் பட்டதும் ஃபிர்மேன் தெல்பொஸ்க் ஹேண்டில்பாரிலிருந்து வலது கையை எடுத்து, தொப்புள் வரை திறந்து கிடக்கும் ஜெர்சியின் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிடுகிறார். சரிவில் முழு வேகத்தில் இறங்கும் ஒருவர் செய்யக்கூடாத காரியம் இது. ஆனால் மார்பில் 'தெல்பொஸ்க் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி' என்று எழுதியிருக்கிறது. அவருடைய விளம்பரதாரர் அவரேதான். வெற்றிக் கோட்டைத் தாண்டும்போது பெயர் இரண்டாகப் பிளந்து கிடந்தால் விளம்பரதாரர் மனம் நோகும். புகைப்படக்காரர்கள் யாரும் அங்கே நிற்பதில்லை. ஒரே ஒருமுறை ஒரு டச்சுச் சுற்றுலாப் பயணி வண்டியை ஓரங்கட்டிக் கேமராவைத் தூக்கினார். அவர் எடுத்தது பின்னால் நின்ற பசுமாட்டை.

வெற்றிக் கோடு என்று பெரிதாக எதுவும் இல்லை. வெள்ளைப் பலகை, சிவப்பு விளிம்பு, நடுவில் 'வெர்னியாக்' என்று ஊர்ப்பெயர். ஞாயிறு காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் லோத் ஆற்றங்கரையில் புறப்படுகிறோம். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே முழங்கால் வலி, மருமகன்களின் சோம்பேறித்தனம், வால்நட் விளைச்சல் என்று நாகரிகமாகப் பேசிக்கொண்டு போகிறோம். திரும்பும் வழியில் கடைசி மேடு வரும்போது பேச்சு நின்றுவிடும். பலகையை முதலில் தாண்டுபவருக்கு ரெமோந்த் நடத்தும் கஃபேயில் கணப்புக்குப் பக்கத்து நாற்காலி. அதற்காகப் பேரன் பேத்தி எடுத்தவர்கள் ஒருவரையொருவர் வேலிக்குள் தள்ளக்கூடத் தயங்குவதில்லை. நான் பல வருஷம் உலகம் சுற்றிவிட்டு ஊர் திரும்பியவள். எத்தனையோ எல்லைச் சண்டைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு தீவிரமான ஒன்றை எங்கும் பார்த்ததில்லை.

அந்த நாற்காலி பல வருஷமாக ஃபிர்மேனுடையது. அதன் மெத்தையே அவர் அளவுக்குப் பள்ளமாகிவிட்டது. ரகசியம் எளிது. மேட்டில் அவர்தான் கடைசி. பழைய நீராவி இன்ஜின் மாதிரி இரைந்துகொண்டு வருவார். உச்சியில் எல்லோரும் நின்று மூச்சு வாங்கி, கடைசி ஆள் வந்து சேரும்வரை காத்திருப்பது எங்கள் வழக்கம். அந்தக் கடைசி ஆள் எப்போதும் அவர்தான். அங்கிருந்து பலகை நிற்கும் பாலம் வரை ஒரே சரிவு. அங்கே அவர் மிதிக்க வேண்டியதே இல்லை, உடம்பு பார்த்துக்கொள்ளும். வாத்துக் கறியை இரண்டாம் முறை தட்டில் போட்டுக்கொள்ளும்போது, "நான் சாப்பிடல. பயிற்சி எடுக்கறேன்" என்பார்.

நதேஜ் பூர்தாரி மேட்டில் எப்போதும் முதலாவதாக வருகிறவள். சொந்தத் திராட்சைத் தோட்டம், கொடிக்கம்பி மாதிரி உடம்பு. உச்சியில் நாங்கள் வந்து சேர்வதற்குள் அவள் ஒரு ஆப்பிளைத் தின்று முடித்திருப்பாள். சரிவில் அவளைத் தாண்டி ஃபிர்மேன் உருண்டு போவார்.

"வாத்தியாரே, என்னை முந்தினது நீ இல்ல, உன் வயிறு. நாற்காலில அதை உட்கார வை. நீ நில்லு."

"ரெண்டும் ஒரே வீட்ல குடியிருக்கு, நதேஜ். பிரிச்சுப் பேசாத."

ஊரே அவரை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுகிறது. இந்தப் பள்ளத்தாக்கில் கார் ஓட்டுகிற எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். சைக்கிளில் அவர் முதுகு தெரிந்தாலே பின்னால் வரும் கார்க்காரர்கள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து நிமிர்ந்து உட்காருவார்கள். கண்ணாடி பார்த்து, விளக்குப் போட்டு, ஒன்றரை மீட்டர் விலகி, பரீட்சை மாதிரித் தாண்டுவார்கள். கறிக்கடை அல்பான் நாலு தடவை தேர்வில் தோற்றவர். அவர் இன்றுவரை தாண்டுவதே இல்லை. ஃபிர்மேன் எந்த ஊர் வரை போகிறாரோ அந்த ஊர் வரை பின்னாலேயே வருவார்.

வார நாட்களில் அவருடைய மந்திரம் ஒன்றுதான்: "பலகை வந்தாச்சு. காலை எடு." ஊர்ப்பலகையிலிருந்துதான் ஐம்பது கிலோமீட்டர் வேகம் என்ற சட்டம் தொடங்குகிறது. அதற்கு முந்தைய சாலையில் எண்பது. பலகை வந்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து கால் தானாக எழ வேண்டும். மூளையைக் கேட்கக்கூடாது என்பார். அதே பலகையை ஞாயிற்றுக்கிழமை அவரே அறுபதில் தாண்டுவார். இதை நான் ஒருமுறை சுட்டிக்காட்டினேன். நானும் அவருடைய மாணவிதான். ஒட்டகம், படகு, லாரி என்று ஏறி ஊர்சுற்றியவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது அவருக்கு வாரா வாரம் புதிதாக இனிக்கும் செய்தி.

"அது சைக்கிள், ஊர்சுத்தி. இது வாகனம். வித்தியாசம் தெரியாமத்தான் நீ பஸ்ஸுக்கு நிக்கற."

சில வருஷம் முன்பு விவசாயிகள் அரசாங்கத்தின் மேல் இருந்த கோபத்தில் ஊர்ப்பலகைகளையெல்லாம் தலைகீழாக மாட்டினார்கள். தலைகீழ்ப் பலகையைத் தாண்டினால் செல்லுமா என்று கஃபேயில் மூன்று வாரம் விவாதம் நடந்தது. செல்லும் என்று தீர்ப்புச் சொன்னவர் ஃபிர்மேன். மூன்று வாரமும் வென்றவரும் அவரே.

இப்படிப்பட்ட சாம்ராஜ்யத்துக்குத்தான் போன வசந்தத்தில் ஆபத்து வந்தது. மேட்டின் உச்சிக்குச் சற்றுக் கீழே, சரிவு தொடங்கும் வளைவில், மூன்று புது வீடுகள் கட்டினார்கள். பலகையோ இன்னும் அடியில், பாலத்துப் பக்கத்தில். அதனால் வீட்டு வாசலில் எண்பதில் போவது சட்டப்படி சரி. பலகையை வீடுகளுக்கு மேலே, உச்சிக்கு மாற்ற வேண்டுமா என்று ஊராட்சி மன்றம் யோசித்தது. இதில் யார் சொல்லுக்கு மதிப்பு என்று ஊரில் யாரும் கேட்கத் தேவையில்லை.

பலகை உச்சிக்குப் போனால் பந்தயம் மேட்டோடு முடிந்துவிடும். சரிவு கணக்கில் வராது. நாற்காலி ஆயுளுக்கும் நதேஜுக்குத்தான்.

ஃபிர்மேன் மறுக்கவில்லை. அவர் நேர்மையானவர். ஆராய்ந்தார்.

"வாத்தியாரே, ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்க நடலாம்?" என்று மேயரம்மா மே மாதம் கேட்டார்.

"மழையில சாலை எப்படி இருக்குன்னு பாக்காம சொல்லக்கூடாது, மேயரம்மா."

மழை பெய்தது. பிறகு கோடைச் சுற்றுலா நெரிசலைப் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு திராட்சை அறுவடை. டிராக்டர் ஓட்டத்தைக் கணக்கில் எடுக்காமல் முடிவு செய்வது பொறுப்பற்ற செயல். பிறகு மூடுபனி.

"அறுப்பு முடிஞ்சு, நான் ஒயினைப் பீப்பாயில ஊத்தியாச்சு. வாத்தியார் ஆராய்ச்சி இன்னும் புளிச்சு முடியல" என்றாள் நதேஜ், கஃபேயில், அந்த நாற்காலியைப் பார்த்தபடி.

"அறிவியல் அவசரப்படாது" என்றார் ஃபிர்மேன், அந்த நாற்காலியில் இருந்தபடி.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குப் பாடம். பக்கத்து இருக்கையில் அவர் வழக்கம்போல் உள்ளங்கையில் வால்நட்டை நொறுக்கித் தின்றுகொண்டிருந்தார். மடியில் ஒரு பை நிறைய. மேட்டில் ஏறி உச்சியைத் தாண்டினேன். எண்பது. வளைவு திரும்பியதும் சாலை நடுவில் மதாம் கூஸ்து நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் கைத்தடி, மறு கையில் பச்சைக் குப்பைத்தொட்டி. இடுப்பு அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்றாவது வீட்டுக்குக் குடிவந்தவர்.

என் கால் என்ன செய்தது என்று தெரியவில்லை. அவர் பக்கத்துப் பிரேக்கை அவர் மிதித்தார். வால்நட்டுகள் கண்ணாடியில் போய் மோதின. குப்பைத்தொட்டியை முட்டாமல், முட்டுவதற்கு ஆசைப்பட்ட மாதிரி, கார் நின்றது.

மதாம் கூஸ்து குனிந்து உள்ளே பார்த்தார். "யாரு, ஃபிர்மேனா? நான் மெதுவாத்தான் போவேன். நீங்க அவசரம்னா சுத்திப் போங்க."

அவர் தொட்டியோடு அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை காத்திருந்தோம். கொஞ்ச நேரம் ஆனது.

"நான் எண்பதுலதான் வந்தேன்" என்றேன்.

"சரியாத்தான் வந்த."

"பலகை கீழதான இருக்கு."

"அதான் சொன்னேனே, சரியாத்தான் வந்தன்னு." குனிந்து கால்மிதியில் கிடந்த வால்நட்டுகளைப் பொறுக்கினார். பிறகு நிமிராமலே கேட்டார்: "ஞாயித்துக்கிழமை நாம இந்த வளைவுல எத்தனைல வர்றோம்?"

"நீங்களா, நாங்களா?"

அவர் வால்நட்டுப் பையை முடிச்சுப் போட்டார். வீடு வரைக்கும் என் கியரைக் கூடத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வாரமே மன்றக் கூட்டம். பொதுமக்கள் வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். மேயரம்மா வழக்கமான கேள்வியை வழக்கமான நம்பிக்கையின்மையோடு கேட்டார். ஃபிர்மேன் எழுந்தார். "வீடுகளுக்கு மேல. உச்சியில" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மழை, டிராக்டர், மூடுபனி எதுவும் அந்தப் பேச்சில் இடம்பெறவில்லை.

நதேஜும் மன்ற உறுப்பினர்தான். "உச்சியிலயா? நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா, வாத்தியாரே?"

"கையைத் தூக்கறதுன்னா தூக்கு. இல்லைன்னா மூடிக்கிட்டு உக்காரு."

அவள் தூக்கினாள். எல்லோரும் தூக்கினார்கள். தியாகம் என்று யாரும் கண்ணீர் விட வேண்டாம். பலகை மாற்றும் வேலையைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்து, இடையில் ஒரு ஞாயிறு மிஞ்சும்படி பார்த்துக்கொண்டவரும் அவர்தான். அந்த ஞாயிறு நாற்காலியில் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் உட்கார்ந்திருந்தார். ரெமோந்த் அவரைச் சுற்றித் தரையைத் துடைத்தாள்.

அடுத்த ஞாயிறு புதுப் பலகை உச்சியில் பளபளவென்று நின்றது. நதேஜ் முதலில் தாண்டினாள். பின்னால் நாங்கள் ஒவ்வொருவராக. பலகைக்குக் கீழே சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு அவரவர் தண்ணீர் குடித்தோம். நதேஜ் ஆப்பிளைக் கடித்தாள். வெகுநேரம் கழித்து இரைச்சல் கேட்டது. பிறகு ஃபிர்மேன் வந்தார். முகம் எங்கள் ஊர் ஒயினின் நிறத்தில் இருந்தது.

"வா வாத்தியாரே. நாற்காலில மெத்தையை மாத்தச் சொல்லிருக்கேன்" என்றாள் நதேஜ்.

அவர் நிற்கவில்லை. எங்கள் நடுவே புகுந்து நேரே சரிவில் இறங்கினார். பின்னால் நாங்கள் அவசரமாக ஏறி மிதித்தோம். முதல் வீடு வருவதற்குள் அவர் இடது கையை நீட்டி, உள்ளங்கையைத் தரையைப் பார்த்து மெல்ல மேலும் கீழும் ஆட்டினார். வேகம் குறை என்ற சைகை. அவரிடம் கார் ஓட்டக் கற்கும்போது நாங்கள் எல்லோரும் மனப்பாடம் செய்த சைகை. எங்கள் பிரேக்குகள் எல்லாம் ஒன்றாகக் கிறீச்சிட்டன. நதேஜ் வாய்க்குள் கெட்ட வார்த்தை சொன்னாள், ஆனால் முந்தவில்லை. யாரும் முந்தவில்லை. மதாம் கூஸ்து வாசலில் நின்று எங்களை ஊர்வலம் என்று நினைத்துத் தலையசைத்தார்.

வீடுகள் முடிந்தும் அந்தக் கை இறங்கவில்லை. மூச்சிரைக்கிற ஒருவர் முன்னால் போக, பத்துப் பன்னிரண்டு பேர் நடைவண்டி வேகத்தில் வரிசையாகப் பின்னால் இறங்கினோம். பாலத்துப் பக்கம் பழைய பலகையின் கம்பத்தைப் பிடுங்கிய இடத்தில் புது மண் ஈரமாகத் தெரிந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால், இடது கை நீட்டியபடியே இருக்க, ஃபிர்மேன் வலது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டார்.